ராஜபாளையத்து அச்சு

சிங்கப்பூரில் எனக்குப் புரோட்டா வீசுகிற வேலை. மதியம் மூன்று மணிக்கு அடுப்பு ஓய்ந்ததும் மற்ற மாஸ்டர்கள் தூங்கப் போவார்கள். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கும் பழைய இசைத்தட்டுக் கடைக்குப் போவேன். என்னைப் பெரிய சங்கீத ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கடையில் ஏசி உண்டு.

பள்ளிக்கூடம் என்னை இரண்டாம் வகுப்பு வரைக்கும் பொறுத்துக்கொண்டது. அதனால் இந்தக் கட்டுரையை நான் வாயால் சொல்ல, எங்கள் கடையில் ஒருவர் எழுதித் தருகிறார். எழுத்துப் பிழை அவருடையது. பொய் இருந்தால் என்னுடையது.

இசைத்தட்டுக் கடைக்காரர் சீனர், அறுபது வயது இருக்கும். பெயர் என் வாயில் நுழையாததால் அங்கிள். தொண்ணூறுகள் பிறந்து, சனங்கள் எல்லாம் சிடி வாங்க ஆரம்பித்து, பழைய பிளேட்டுகளை மூட்டை மூட்டையாக அவர் கடையில் தள்ளிவிட்டுப் போன காலம். ஒருநாள் அந்தக் குவியலில் ஒரு கறுப்பு அட்டையைப் பார்த்தேன். நடுவில் காற்றில் மடங்கி உடைந்த வெள்ளைக் குடை. வேறு ஒரு எழுத்துக் கிடையாது. நான் அட்டையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அங்கிள் நான் திருடப் போகிறேன் என்று நினைத்து எழுந்து நின்றார்.

காரணம் இருக்கிறது. எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஜெயராஜ் அண்ணன் வீட்டில் அதே குடைப் பிளேட்டைத் தேயத் தேயக் கேட்டவன் நான். ஜெயராஜ் அண்ணன் மைக்செட் வைத்திருந்தார். நான் அவரிடம் மரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிற ஆள். மதுரையில் மூடப்போகிற கடை ஒன்றில் சினிமாப் பாட்டுப் பிளேட்டுகளைக் கட்டாக வாங்கினார். கட்டுக்குள் இந்த வெள்ளைக்காரர் இலவசமாக வந்துவிட்டார். ஒரு சொல் விளங்காது. ஆனால் அந்தத் தாளமும் அந்தக் குரலும், ஏதோ ஒருவன் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி இருக்கும். கேட்டால் எனக்கும் எங்கேயாவது போக வேண்டும் போல இருக்கும்.

அங்கிள் தட்டைப் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டு வந்தது. அதே பாட்டுத்தான். ஆனால் சைக்கிளில் போனவர் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சாவு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"இது அது இல்லை" என்றேன்.

"இதுதான் அது. இங்கிலாந்தில் அடித்த முதல் அச்சு. இந்த வகைக்கு போஸ்ட் பங்க் என்று பெயர். இப்படித்தான் சோகமாக இருக்கும்" என்றார் அங்கிள். எனக்குத் தெரிந்த பங்க் பெட்ரோல் பங்க் மட்டும்தான். நான் விடவில்லை. இரண்டாம் பக்கத்தில் மூன்றாம் பாட்டை ராஜபாளையத்தில் போட்டால், ஊசி வைக்கும்போது ஒரு கிளாஸ் டீயை வாயில் வைப்பேன். கடைசி மடக்கும் கடைசி மேளமும் சேர்ந்து விழும். இங்கே டீ முடிந்து கிளாஸைக் கழுவி வைத்த பிறகும் அவர் அழுதுகொண்டிருந்தார்.

"நீ மெதுவாகக் குடி" என்றார் அங்கிள்.

ஆனால் அவரும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். பாட்டு முடிந்து, நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்துக்கு வருவதற்கு முன் ஒரு விரல் அகலம் வெறும் இடம். அதில் ஊசியால் கீறின மாதிரி சின்னச் சின்ன எழுத்து. எந்த நாட்டில், எந்த அச்சில் அடித்தது என்பதற்கு அதுதான் சாட்சியாம். நாட்டுக்கு நாடு சத்தம் மாறுமாம். மாவு ஒன்று, மாஸ்டர் வேறு என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் வாழ்க்கையில் சீக்கிரம் விளங்கிய ஒரே பாடம் அது.

பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது. சிங்கப்பூர்ப் பக்கத்து விற்பனைக்காக அடித்த இன்னொரு அச்சை அங்கிள் தேடிக் கொடுத்தார். மெலிந்த தட்டு, பளபளக்கிற அட்டை, குடை கொஞ்சம் மஞ்சள் பூத்திருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். இங்கிலாந்து அச்சில் மேளம் கனமாக இறங்கியது. மெலிந்ததில் தாளத்தட்டு கடுகு தாளிக்கிற மாதிரி பொரிந்தது. ஆனால் இரண்டிலும் அவர் சாவு வீட்டுக்குத்தான் போனார்.

"உன் ஊரில் கேட்டது எந்த அச்சு?"

"நடுக் காகிதத்தில் இந்தியா என்று இங்கிலீஷில் இருந்தது. அந்த ஒரு சொல் எனக்கு வாசிக்க வரும்."

அங்கிள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சில நாட்டில் மூல டேப்பைத் தெரியாமல் வேகமாக ஓட்டி அச்சு எடுத்துவிடுவார்கள். இந்திய அச்சு அப்படி இருந்தால், அப்படி ஒன்று இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. கொண்டுவா. கடையை அடைத்துவிட்டுக் கேட்போம்."

நான் ஊருக்குக் கிளம்பியதற்கு இதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதிக் காரணம்.

மீதிப் பாதி ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த ஒரு கல்யாணம். பெருமாள் கோயிலோடு பரம்பரையாகத் தொடர்புள்ள வீடு. ஆறு குழாய் கட்டினேன். ஜெயராஜ் அண்ணனிடம் இரண்டு பிளேயர் இருந்தன. சின்னத் தட்டுப் போடுகிற பெரிய பிளேயர் விசேஷங்களுக்குப் போகும். பெரிய தட்டுப் போடுகிற சின்னப் பிளேயர் வீட்டில் கிடக்கும். அதில் ஓட்டுவதற்கு எங்களிடம் இருந்த ஒரே பெரிய தட்டு குடைப் பிளேட்டு. அன்றைக்கு நான் அந்தப் பிளேயரைச் சாக்கில் சுற்றி ரகசியமாகக் கொண்டுபோயிருந்தேன். பந்தி நடக்கும்போது ஒரே ஒரு பாட்டு, ஆறு குழாயிலும், ஊரே கேட்க வேண்டும் என்று ஆசை. அண்ணன் மேடை மைக்கைப் பார்க்கப் போனதும் கம்பியை மாட்டி, ஊசியைத் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு தயாராக இருந்தேன்.

முகூர்த்தத்தில் பெரியவர் ஒருவர் கையைத் தூக்கி விரலை ஆட்டுவார். அது மேளக்காரருக்கு, கெட்டிமேளம் கொட்டு என்று அர்த்தம். எங்கள் மைக்செட் தொழிலில் அதே மாதிரி கை தூக்கினால் பாட்டைப் போடு என்று அர்த்தம். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். எனக்குத் தெரிந்தது கை மட்டும்.

போட்டேன்.

தாலி மாப்பிள்ளையின் கையிலேயே நின்றது. நாதஸ்வரக்காரர் வாயில் இருந்ததை எடுத்துவிட்டார். வெள்ளைக்காரர் மட்டும் ஆறு குழாயிலும் சைக்கிள் ஓட்டினார். யாரோ "எவன்லே அவன்" என்று கத்தியதும் நான் சமையல்கட்டு வழியாக ஓடினேன். போகிற வழியில் ஒரு வடையை எடுத்தேன் என்று சொன்னால் என் மேல் இருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடும். இரண்டு எடுத்தேன். மதுரை பஸ், அங்கே மாமா, அப்புறம் சிங்கப்பூர். ஜெயராஜ் அண்ணனுக்கு ஒன்பது வருடமாக ஒரு கடுதாசி போடவில்லை. எழுதத் தெரியாது என்பது நல்ல சாக்கு.

முதல் நாள். மதுரையிலிருந்து ராஜபாளையம் பஸ்ஸில் முன் சீட்டு. இந்திய அச்சோடு ஒத்துப் பார்க்கக் கொண்டுவந்த இரண்டு பிளேட்டையும் ஒன்றாக வைத்து, துணி சுற்றி, மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தேன். கண்டக்டருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"எம்புட்டு நேரம்ணே மடியிலயே வச்சிருப்பீய. இப்படிக் கொடுங்க" என்று வாங்கி, டிரைவருக்குப் பக்கத்தில் பெட்டி மாதிரி இருந்த எஞ்சின் மூடியின் மேல் வைத்தார். நல்ல மனிதர். நான் நன்றி சொல்லிவிட்டுத் தூங்கினேன். கிருஷ்ணன்கோவில் தாண்டி முழிப்பு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் துண்டைத் தலையில் போட்டுக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, "வாந்தி வருதா தம்பி" என்று பையை நகர்த்திக்கொண்டார்.

ராஜபாளையத்தில் லாட்ஜ் முதலாளி, வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜு ஒருவர். மேசைக்குக் கீழே ஊர் ஜாதி நாய், பால் வெள்ளை, என்னை விட நல்ல வளர்ப்பு. "ஏமப்பா, சிங்கப்பூரா? கூர்ச்சோ, கூர்ச்சோ" என்றார். நாய் உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்தேன். ரூமில் துணியை அவிழ்த்தபோது அடியில் இருந்த இங்கிலாந்து அச்சு அப்பளமாகியிருந்தது. எஞ்சின் சூட்டில் ஒரு பக்கம் எழும்பி, மறுபக்கம் தொங்கியது. மேலே இருந்த மெலிந்த தட்டு தப்பித்திருந்தது. அந்த அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள். ஜெயராஜ் அண்ணன் கடை இருந்த இடத்தில் கேசட் பதிவு செய்கிற கடை இருந்தது. பக்கத்து டீக்கடை அப்படியே இருந்தது. டீக்கடை சங்கரன் டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். ஆற்றுவதை நிறுத்தினார்.

"ஏலே, மாரியா? மரத்துல அணில் மாதிரி ஏறுன பயலா இம்புட்டு ஊதிப் போயிட்டே. மரத்தையே முழுங்கிட்டியோ."

"புரோட்டாண்ணே. வீசுறவன் ருசி பாக்கணும்ல."

"ருசி பாத்தியா, குடி இருந்தியா?"

ஜெயராஜ் அண்ணனைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மாறியது. "நீ செஞ்சிட்டுப் போன வேலைக்கு ரெண்டு வருசம் வில்லிபுத்தூர்ல ஒருத்தரும் அவனை விசேஷத்துக்குக் கூப்பிடல. அவன் என்ன செஞ்சான் தெரியுமா? அந்த ஊருக்கே குடி போயிட்டான். மானம் போன ஊர்லதான் அதைத் தேடி எடுக்கணும்னுட்டான். மடவார் வளாகத்துல இருக்கான். ஒம் மதினி எஸ்தரு மட்டும் நூல் மில் பஸ்ல இங்க வேலைக்கு வந்துட்டுப் போவுது." டீயைக் கொடுத்தார். "போய்ப் பாக்கப் போறியா?"

"அவர்ட்ட ஒரு பிளேட்டு இருக்கு. அதை வாங்கணும்."

"பிளேட்டா வாங்கப் போற?" என்றார் சங்கரன். 

மதியம் ஒரு கடையில் புரோட்டா சாப்பிட்டேன். தொழிலாளி என்ற முறையில் சொல்கிறேன்: சிங்கப்பூரில் நான் போடுவது நன்றாக விரியும், எண்ணெய் குறைவு, எல்லோரும் பாராட்டுவார்கள். இங்கே சால்னாவில் ஊறிய ஒரு துண்டு வாய்க்குள் போனதும், நான் ஒன்பது வருடமாகச் சிங்கப்பூரில் சதுரமாக மடித்த கோதுமைத் துணியைத்தான் விற்றிருக்கிறேன் என்று தெரிந்தது. சப்பட்டை மாம்பழம் இரண்டு வாங்கிக்கொண்டு லாட்ஜுக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் எதிலும் ஏறவில்லை.

மூன்றாம் நாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, தைரியத்துக்காக ஒரு பால்கோவா கடைக்குள் போனேன். கல்லாவில் இருந்த அம்மாளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இலையில் சூடாக வைத்துக் கொடுத்தார்கள். நான் ஜெயராஜ் வீட்டுக்கு வழி கேட்டேன்.

"மைக்செட் அண்ணாச்சியா? வாற ஞாயித்துக்கெழம எம் மவளுக்குக் காதுகுத்து. அவியதான் மைக்செட். எங்க கல்யாணத்துக்கும் அவியதான்." சிரித்தார்கள். "அந்தக் கதை தெரியுமா? தாலி கட்டுற நேரத்துல ஒரு பய குடை படம் போட்ட இங்கிலீஷ் பிளேட்டைப் போட்டுட்டு ஓடிட்டான்."

பால்கோவா எனக்குத் தொண்டையில் நின்றது.

"எங்கப்பா அண்ணாச்சியைப் புடிச்சுப் பேசாத பேச்செல்லாம் பேசிட்டாவ. இப்பவும் எம் பேரைச் சொல்லி யாராவது கோதை கல்யாணம்னா சாப்பாட்டைப் பத்திப் பேச மாட்டாவ. பாட்டைத்தான் பேசுவாவ. அந்தப் பய மட்டும் எங்கையில கெடைக்கட்டும்." தண்ணீரை என் பக்கம் தள்ளினார்கள். "மெதுவாத் தின்னுங்கண்ணே. விக்குது பாருங்க."

மடவார் வளாகத்தில் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. ஜெயராஜ் அண்ணன் வாசலில் ஒரு ஆம்பிளிபயரைப் பிரித்துப் போட்டு, ஈயம் உருக்கிக் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து, எடுத்த கம்பியைப் பற்றவைத்து முடித்தார்.

"என்ன?"

நான் சிங்கப்பூரிலிருந்தே பலமுறை ஒத்திகை பார்த்து வந்த பேச்சு வாயில் இருந்தது. வெளியே வந்தது வேறு. "அந்தக் குடைப் பிளேட்டு இருக்காண்ணே?"

"அன்னைக்கே ஒடச்சாச்சு. பொண்ணோட அப்பா முன்னாடி முழங்கால்ல வச்சு ஒடச்சேன். போ."

எஸ்தர் மதினி உள்ளேயிருந்து தண்ணீரோடு வந்தார்கள். "யாரு, மாரியா?" என்று கேட்டு, என் கையில் துணியை விட்டு வளைந்து நீட்டியிருந்த தட்டைப் பார்த்து, "அது என்ன கொழுந்தனாரே, அப்பளமா?" என்றார்கள்.

ஜெயராஜ் அண்ணன் அப்போதுதான் வளைந்த தட்டைப் பார்த்தார். அவரால் தாங்க முடியவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டித் தட்டை மட்டும் வாங்கினார். ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "எஞ்சின் மேல வச்சியா? நீ வச்சிருப்பே." உள்ளே போய் இரண்டு ஜன்னல் கண்ணாடி கொண்டுவந்து, நடுவில் தட்டை வைத்து, வெயிலில் கிடத்தி, மேலே ஒரு கனமான டிரான்ஸ்பார்மரைத் தூக்கி வைத்தார். பிறகு மறுபடி பற்றவைப்புக் கம்பியை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போ" என்றார் தட்டைப் பார்த்து.

அன்றைக்கு எனக்கு இரண்டு நஷ்டம். உலகத்திலேயே வேகமாகப் பாடுகிற அந்த இந்திய அச்சு முழங்காலில் உடைந்து போயிருந்தது. இரண்டாவதை நான் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

நான்காம் நாள். காலையில் போனபோது டிரான்ஸ்பார்மர் இறங்கியிருந்தது. தட்டு முக்கால்வாசி நிமிர்ந்திருந்தது. ஜெயராஜ் அண்ணன் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார்.

"ஏலே மாரி. நீ பாட்டுப் போட்டதுக்கு எனக்குக் கோவம் இல்ல. வயசுக் கோளாறு, போட்டுட்ட. நம்ம தொழில்ல முத விதி என்ன?"

எனக்குத் தெரியும். குழாயைக் கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும். ஒருவன் போட்ட முடிச்சு அவனுக்குத்தான் தெரியும். இன்னொருவன் கை வைத்தால் குழாய் கீழே நிற்பவன் தலையில் விழும்.

"ஆறு குழாய். எனக்கு நாக்காலில ஏறினாலே தலை சுத்தும், ஒனக்குத் தெரியும். பொண்ணு வீட்டுக்காரவிய, ஒடனே கழட்டிட்டுப் போன்னுட்டாவ. தெருவே நின்னு பாக்கு. நான் ஒவ்வொரு மரமா ஏறி அவுத்தேன். மூணாவது மரத்துல முடிச்சு வரல. ஒன் முடிச்சு. பல்லால கடிச்சு இழுத்தேன். கீழ நின்னு சிரிக்கானுவ." தட்டைத் துடைத்து முடித்தார். "ஓடிட்டியே, அதுக்குத்தாம்ல."

நான் இந்த மாதிரி நேரத்தில் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பிப்பது வழக்கம். அன்றைக்கு "தப்புதாண்ணே" என்றேன். அது ஒத்திகையில் இல்லாத ஒரே வார்த்தை.

அண்ணன் எழுந்தார். உள்ளே போய் அந்தச் சின்னப் பிளேயரை எடுத்து வந்தார். அதேதான், மூடி உடைந்து நூல் கட்டியிருந்தது. "நிமிந்திருக்கான்னு பாக்கணும்" என்று தட்டைப் போட்டு, இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டில் ஊசியை வைத்தார். எத்தனையாவது பாட்டு என்று நான் சொல்லவில்லை. மதினி டீ கொண்டுவந்தார்கள்.

சைக்கிள் மணி அடித்தது. அதே ஓட்டம், அதே அவசரம், அதே ஆள். நான் கிளாஸை வாயில் வைத்தேன். தட்டின் ஓரம் கொஞ்சம் ஏறி இறங்கியது, ஊசி படகு மாதிரி மிதந்தது, ஆனால் பாட்டுத் தடுமாறவில்லை. கடைசி மடக்கும் கடைசி மேளமும் சேர்ந்து விழுந்தன.

"அண்ணே, இது சிங்கப்பூர்ல வாங்கின தட்டு."

"ஆமா. அதுக்கென்ன?"

"அங்க இது மெதுவாப் பாடுச்சு."

"தட்டு எப்படிலே ஊருக்கு ஊரு மாத்திப் பாடும்?"

நான் கொண்டுபோயிருந்த மெலிந்த அச்சையும் போட்டோம். அதுவும் ஓடியது. நான் அங்கிள் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன்: நாட்டுக்கு நாடு அச்சு, ஊசிக் கீறல் எழுத்து, மூல டேப்பு, உலகத்தில் யாருக்கும் தெரியாத இந்திய அச்சு. ஜெயராஜ் அண்ணன் தட்டைச் சாய்த்து எழுத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் தலைகளை ஒட்ட வைத்துக்கொண்டு, ஏதோ கல்வெட்டு வாசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தோம். எழுத்தே வாசிக்கத் தெரியாத ஒருவன், இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத இன்னொருவன்.

மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து, தட்டை எடுத்து, தட்டு உட்காரும் சக்கரத்தையும் தூக்கினார்கள். அடியில் சின்ன மோட்டாரிலிருந்து பெரிய சக்கரத்துக்கு ஓடுகிற ரப்பர் வார் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளைத் துணி வார் ஒன்று ஓடியது. ஓரத்தில் கைத்தையல்.

"இது என்னட்டி?" என்றார் அண்ணன்.

"மில்லுல நூல் சுத்துற ஸ்பிண்டிலை ஓட்டுற டேப்பு."

"இதை யாரு மாட்டுனா?"

"நான்தான். நீங்க ரெண்டு பேரும் விசேஷத்துக்குப் போயிருவீய. நான் தனியாப் போட்டுக் கேப்பேன். இந்தப் பிளேட்டு வந்த வாரம், கேட்டுக்கிட்டு இருக்கையிலயே ரப்பரு டொப்புன்னு அந்து போச்சு. நீங்க வந்தா ஏசுவீயன்னு, மில்லுல கழிச்சுப் போட்ட டேப்பைக் கொண்டாந்து தச்சு மாட்டிட்டேன். நல்லாத்தானே ஓடுச்சு?"

ஜெயராஜ் அண்ணன் அந்த வாரை விரலால் தொட்டுப் பார்த்தார். தடித்த வார். தடிப்பு கூடினால் மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சக்கரம் கூடுதலாக ஓடிவிடும். அதை அவரே எனக்கு விளக்கினார். விளக்கிவிட்டு மதினியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி எஸ்தரு. இம்புட்டு வருசமா அந்த மனுசனை மில்லுல வேலை பாக்க விட்டிருக்கோம்டி."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். மூன்று பேரும் சிரித்துச் சிரித்து, மதினி சுவரில் சாய்ந்துவிட்டார்கள். வெள்ளைக்காரர் நிஜமாகவே சோகமாகத்தான் பாடியிருக்கிறார். எஸ்தர் மதினியின் ஒரு முழம் டேப்புத்தான் அவரைப் பஸ்ஸுக்கு விரட்டியிருக்கிறது. அந்த உலக அதிசய அச்சு எந்தத் தொழிற்சாலையிலும் அடிக்கப்படவில்லை. கழித்துப் போட்ட டேப்பில், கைத்தையலில், யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் அடிக்கப்பட்டது.

"மதினி, எனக்கும் ஒரு முழம் குடுங்க. அங்க மாட்டிக் கேக்கேன்."

மதினி எழுந்தார்கள். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "கொடுக்காத. கேக்கணும்னா இங்க வரட்டும்." என் பக்கம் திரும்பினார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்துப் பேசினார். "ஞாயித்துக்கெழம காதுகுத்து. வேப்பமரத்துல ரெண்டு குழாய் கட்டணும். கட்டுற பையன் வேலையை விட்டுட்டான். ஏறுவியா?"

என் டிக்கெட் சனிக்கிழமைக்கு.

"ஏறுறேன்."

"கட்டுறது பெருசில்ல. அவுத்துட்டுத்தான் போகணும்."

அன்றைக்கே சிங்கப்பூருக்குப் போன் போட்டு, எனக்கு மஞ்சள் காமாலை என்று முதலாளியிடம் சொன்னேன். இந்தக் கட்டுரையை அவர் வாசிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. மடவார் வளாகத்தில் பால்கோவா கடைக் கோதைம்மா வீட்டு வேப்பமரத்தில் ஏறியதை விவரிக்கப் போவதில்லை. முதல் கிளைக்குப் போவதற்கு இருபது நிமிடம் ஆனது என்பதையும், அதற்குள் மூன்று பேர் ஏணி கொண்டுவந்தார்கள் என்பதையும், ஒருவர் "ஏலே, மரம் தாங்குமா" என்று கேட்டதையும் விட்டுவிடுகிறேன். மேலே போன பிறகு கையெல்லாம் பழைய மாதிரியே ஓடியது. முடிச்சு தானாக விழுந்தது. ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் செண்பகத்தோப்பு மலை, நீலமாக. சிங்கப்பூரில் நான் பதினான்கு மாடி ஏறியிருக்கிறேன், லிப்டில். அங்கிருந்து இப்படி எதுவும் தெரிந்ததில்லை.

காதுகுத்து நல்லபடி நடந்தது. தாய்மாமன் மடியில் பிள்ளை அழுதது, கேசட்டில் சினிமாப் பாட்டு ஓடியது. பெரியவர்கள் யார் கையைத் தூக்கினாலும் நான் என் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன். கோதைம்மா என்னை இரண்டு தடவை உற்றுப் பார்த்தார்கள். நான் இரண்டு தடவையும் பந்திக்குப் போய்விட்டேன்.

சாப்பாடு முடிந்து, வெயில் தாழ்ந்து, கூட்டம் கரைந்தது. நான் அவிழ்ப்பதற்கு ஏறினேன். முதல் குழாயைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். அண்ணன் கீழே நின்று வாங்கி வைத்தார். இரண்டாவது குழாயின் முடிச்சில் கை வைத்தபோது அவர் "செத்த நேரம் இரு" என்றார்.

அவர் சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே நூல் கட்டின மூடி. சின்னப் பிளேயர்.

கம்பியை மாட்டினார். குடைப் பிளேட்டைப் போட்டார். ஊசியைத் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கை தூக்குவதற்காகக் காத்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்துக் கோதைம்மா வாசலுக்கு வந்தார்கள். அண்ணன் கையில் இருந்த கறுப்பு அட்டையைப் பார்த்தார்கள். குடையைப் பார்த்தார்கள். பிறகு மெல்ல மரத்தைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, மேல இருக்கிறது யாரு? எங்கடையில பால்கோவா தொண்டையில விக்குன ஆள்தானே?"

"ஆமாம்மா."

"அவந்தானா?"

"அவந்தான்."

கோதைம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்து நின்றார்கள். "அண்ணே, எறங்கி வாங்க. ஒங்ககூடப் பேசணும்."

நான் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கி, விரலை ஆட்டினேன்.

ஊசி விழுந்தது. என் காதுக்கு ஒரு முழத்தில் குழாய் அலறியது. மடவார் வளாகம் முழுக்கச் சைக்கிள் மணி அடித்தது. ஜெயராஜ் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோதைம்மா இடுப்பில் இருந்த கையை எடுக்கவில்லை, மரத்தடியை விட்டு நகரவும் இல்லை. ஆனால் அவர்கள் கால் பெருவிரல் தாளம் போடுவது மேலே இருந்து எனக்குத் தெரிந்தது.

பாட்டு முடியும் வரை நான் இறங்குவதாக இல்லை. அந்தப் பாட்டு இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓடக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தேன்.